எந்தப் பக்கம் போனாலும் முகம் திருப்பியவள்

காலையில் அலுவலக அறைக்குள் நுழைந்ததும் முதலில் மேசையைத்தான் பார்த்தேன். கறுப்புக் கோட்டைக் காணோம்.

முந்தின நாள் சாயங்காலம் கிளம்பும்போது, மேசை மேல் நின்ற பித்தளைத் தூணின் அடியில் மார்க்கரால் நானே இழுத்துவிட்ட கோடு அது. என் நாற்காலியைப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று இழுத்திருந்தேன். எட்டிப் பார்த்தேன். கோடு அழியவில்லை. சுவர்ப் பக்கம் போயிருந்தது.

ஒரு சாண் உயரத் தூண். கையில் எடுத்தால் நல்ல கனம். காற்றுக்கெல்லாம் திரும்புகிற சாமான் இல்லை.

கூட்டிப் பெருக்க வரும் செல்லம்மாவைக் கூப்பிட்டு, “மேசையத் தொடச்சியா?” என்று கேட்டேன்.

“அய்ய, நானா? அந்தப் பொம்மைய கொண்ணாந்து வச்சதுலருந்து நான் உங்க மேசாண்டயே வர்றதில்ல மேடம். வேணும்னா கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்” என்றாள்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. அன்றைக்கு நாற்காலியை இழுத்து வாசல் பக்கம் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

இத்தனை வாரங்களாக இந்தப் பத்தியில் என் சண்டைகளையும் சமையலையும் படித்து வந்தவர்கள் இந்த வாரம் கொஞ்சம் கணக்குப் படிக்க வேண்டும். முகத்தைச் சுளிக்காதீர்கள். நானே அதை முகம் சுளித்துக்கொண்டுதான் படித்தேன்.

மூக்குக்கு ஏது சமன்பாடு?

திருவள்ளூரில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தபோது ஒரு கேள்வி எல்லாத் தேர்விலும் வரும். ‘இவ்வளைவரையை x அச்சைப் பொறுத்துச் சுழற்றும்போது உருவாகும் திடப்பொருளின் கன அளவைக் காண்க.’ ஒரு கோடு வரைந்து, அதைக் கம்பியில் கட்டிய கொடி மாதிரி சுற்றிவிட வேண்டியது. சுற்றின இடமெல்லாம் ஒரு பொருள். அரைவட்டத்தைச் சுற்றினால் பந்து. சாய்ந்த கோட்டைச் சுற்றினால் கூம்பு.

அதன் கன அளவுக்கு வழி, வெள்ளரிக்காய் அரிவதுதான். மெல்லிய வில்லைகளாக நறுக்கிக்கொள். ஒவ்வொரு வில்லையும் ஒரு வட்டம். ஆரத்தின் வர்க்கத்தை ‘பை’யால் (π) பெருக்கு, வில்லையின் கனத்தால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு. வில்லை மெலிய மெலிய விடை சரியாகும். தொகையிடல் என்கிற பயங்கரமான பேருக்குப் பின்னால் இருக்கிற சங்கதி இவ்வளவுதான்.

“இத்த வச்சு ஒரு உப்புமா கிண்ட முடியுமாடி?” என்று தோழி ஒருத்தி கேட்பாள். முடிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்விதான் எனக்குச் சோறு போட்டது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. குழாய் வால்வு, கைப்பிடி, விளக்குத் தண்டு என்று உருண்டையாக இருக்கிற எதையும் லேத்தில் கடைந்து கொடுப்போம். வரைபடம் வந்தால் அதற்கு எத்தனை கிலோ பித்தளை என்று போட்டுத்தருவது என் வேலை. எங்கள் வரைபடத்தில் எல்லாம் நடுவில் ஒரு புள்ளிக்கோடு ஓடும். அதுதான் அச்சு. பொருள் அதைச் சுற்றித்தான் பிறக்கும்.

ஒரு வருஷம் ஐப்பசியில், சி.என்.சி. லேத் ஓட்டும் சூசை ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தான். நடுவில் புள்ளிக்கோடு. அதற்கு ஒரு பக்கம் நெளிநெளியாக ஒரு வளைகோடு.

“யக்கா, இதுக்கு எத்தினி கிலோ புடிக்கும்னு போட்டுக் குடுங்க. பித்தள ராடு மொதலாளி தரேன்னுட்டாரு.”

“இன்னாடா இது, ஆர்டரா?”

“இல்லக்கா. கல்லறைத் திருநாள் வருதில்ல. லூர்துக்கு வைக்கறதுக்கு.”

லூர்து அவன் மனைவி. எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தவள். முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். மத்தியானச் சாப்பாடு எப்போதும் என்னோடுதான். என் புளிக்குழம்பைத் தன் தட்டில் ஊற்றிக்கொண்டு, ‘உப்பு கம்மி’ என்று குறை வேறு சொல்வாள். சூசையிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சரி, வை என்றேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தேன். பந்துக்குச் சமன்பாடு உண்டு, கூம்புக்கு உண்டு. இந்த மாதிரி கண்டபடி நெளிகிற கோட்டுக்கு ஏது? ஸ்கேலை வைத்து வில்லை வில்லையாக ஆரத்தை அளந்து எழுத வேண்டியதுதான். மேலேயிருந்து ஆரம்பித்தேன். கோடு மெதுவாகப் புடைத்துக்கொண்டு வந்தது. அப்புறம் ஒரு பள்ளம். பள்ளத்திலிருந்து சரிந்து சரிந்து வெளியே போய், சட்டென்று உள்ளே திரும்பியது. அந்தத் திருப்பத்தில் என் ஸ்கேல் நின்றுவிட்டது.

அது மூக்கு.

நெற்றியை அளந்து முடித்திருக்கிறேன். கண் குழியை அளந்து முடித்திருக்கிறேன். நுனியில் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும் அந்த மூக்கைக் கம்பெனி முழுவதும் தெரியும். ‘குழம்பு வாசன புடிக்கறதுக்குன்னே செஞ்ச மூக்கு’ என்று நான்தான் கேலி பண்ணுவேன்.

தாளைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அப்புறம் உதட்டை அளந்தேன், மோவாயை அளந்தேன். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திப் பையால் பெருக்கினேன். கூடச் சாப்பிட்டவளை அரிந்து அரிந்து கூட்டுகிற வேலை எனக்கு வந்து வாய்த்தது. விடை வந்தது. எழுதிக் கொடுத்தேன்.

சுற்றுகிறதா, நிற்கிறதா?

லேத்தில் கடைந்த பொருளைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதால், அது சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை வைத்து விரலைத் தொலைத்தவர்கள் இந்தப் பேட்டையில் இருக்கிறார்கள்.

அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். ராடைக் கவ்விச் சுழற்றும் தலையை சக் என்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் பூசை போடும்போது அந்த சக்கின் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பார்கள். நின்றால் பொட்டு, சுற்றினால் சிவப்பு வளையம். சூசை வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனும் தன் மிஷினுக்கு ஒழுங்காகப் பொட்டு வைப்பான். ‘விரலுக்கு மதம் இல்லக்கா’ என்பான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. சூசை மட்டும் வந்து தூணைக் கடைந்தான். முடிகிற சமயத்துக்கு என்னை வரச் சொல்லியிருந்தான். நான் போய் நிற்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது.

வெளியே மழை மூட்டம். தகர ஷெட்டுக்குள் பட்டப்பகலிலேயே மசமசவென்று இருட்டு. மிஷின் சத்தம் அடங்கிவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்தப் பித்தளை மட்டும் மினுங்கிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் ஒரு லூர்து, அந்தப் பக்கம் ஒரு லூர்து. முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு.

சூசை கதவைத் தள்ளினான். “லூர்து” என்றான். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் கன்னத்தைத் தொடப் போகிறவன் மாதிரி கையை நீட்டினான்.

நான் சக்கைப் பார்த்தேன். கடையும்போது பீச்சுகிற எண்ணெய்த் தண்ணீர் அடித்து அடித்துப் பொட்டு கரைந்து போயிருந்தது.

“டேய், கைய எடுடா!” என்று கத்திக்கொண்டே, பக்கத்தில் கிடந்த கை துடைக்கும் பஞ்சு வேஸ்ட்டை எடுத்து அதன் மேல் எறிந்தேன். பட்ட மாத்திரத்தில் அது பிய்ந்து ஷெட்டின் கூரைக்குப் பறந்தது.

கரண்டு போயும், ஓடின வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சத்தமே இல்லாமல். சூசை நீட்டின கையை நீட்டினபடியே வைத்துக்கொண்டு நின்றான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட எனக்கு அழுகை வந்துவிட்டது.

எதற்காக அந்தக் கோபம்?

தூணை அவன் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. “உங்க மேசல இருக்கட்டும்க்கா” என்று வைத்துவிட்டுப் போனான். அப்படித்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

அதோடு ஒரே அறையில் இருப்பது லேசில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன், என்னைப் பார்க்க மாட்டாள். எழுந்து ஜன்னலுக்குப் போவேன், அங்கேயும் பார்க்க மாட்டாள். சுற்றி வந்தாலும் அதே இரண்டு பக்கவாட்டு முகம்தான். நேர்முகம் என்று ஒன்று அந்தப் பொருளில் கிடையவே கிடையாது. கணக்குப்படி அது அப்படித்தான் இருக்க முடியும். தெரிந்தும் எழுந்து எழுந்து சுற்றி வந்து பார்த்தேன்.

பேக்கிங் பெண்கள் அறைக்கு வெளியே நின்றே பேசிவிட்டுப் போனார்கள். “யக்கா, இப்பதான் திரும்புச்சு, நான் பாத்தேன்” என்றாள் ஒருத்தி. “எங்கடி, காட்டு” என்றால் எதைக் காட்டுவாள்? திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அது ஒரே மாதிரிதானே இருக்கும். அந்த எரிச்சலில்தான் மார்க்கரை எடுத்துக் கோடு போட்டேன். மறுநாள் காலையில் கோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு டீ நேரத்தில் சூசையைக் கேண்டீன் பின்பக்கம் கூட்டிப் போனேன். “இத எடுத்துக்கினு போ. இல்லாட்டி எனக்கு வெவரம் சொல்லு” என்றேன்.

டீயைக் குடிக்காமல் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்.

“அவளுக்கு கோவம் வந்தா சண்ட போட மாட்டாக்கா. உங்களுக்குத் தெரியாதது இல்ல. செவுத்தப் பாத்து திரும்பிப்பா, அவ்ளோதான். அவ தங்கச்சி கொழந்தைக்கு ஞானஸ்நானம். நான் ஓவர்டைம் பாத்துக்கினு இங்கியே இருந்துட்டேன். அதுலருந்து பேச்சே இல்ல. அப்பாலதான் காய்ச்ச வந்துச்சு. ஆஸ்பத்திரில சேத்தேன். அங்கியும் செவுத்தப் பாத்துக்கினே படுத்திருந்தா. ‘லூர்து, இன்னாடி’ன்னேன். திரும்பல. எனக்கும் கோவம். போடி இவளேன்னு டீ குடிக்கப் போயிட்டேன்.”

கிளாஸைக் கீழே வைத்தான்.

“திரும்பி வந்தா, ஆளு இல்லக்கா. கோவத்துல திரும்பிக்கினாளா, முடியாம திரும்பிக்கினாளா? எனக்கு அது தெரியணும். அது தெரியாம ராத்திரி தூக்கம் இல்ல, சோறு எறங்கல. சரி, கல்லறைலயாவது அவ மூஞ்சி இருக்கட்டும்னு செஞ்சா, எந்தப் பக்கம் போனாலும் அங்கியும் மூஞ்சத் திருப்பிக்கிறா. அன்னிக்கு செஞ்சதையே செய்றா. இன்னும் ஆறலையாக்கா அவளுக்கு?”

எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். “அந்த மூஞ்சிய எதப் பாத்து வரஞ்ச?” என்று கேட்டேன்.

செல்லில் ஒரு போட்டோவைக் காட்டினான். எங்கள் கம்பெனி ஆயுத பூசையில் யாரோ எடுத்தது. மாலை போட்ட மிஷினுக்கு முன்னால் லூர்து பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாள். எதிரில், ஓரடி தள்ளி, சூசை.

“அட பைத்தியக்காரா, இதுல அவ உன்னத்தான பாக்கறா?”

“ஆமா. என்னைய வெட்டிட்டு அவள மட்டும் எடுத்துக்கினேன்.”

“அச்ச எங்க வச்ச?”

“அவ காதாண்ட.”

இவ்வளவுதானா விஷயம் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “அச்ச அவ தலைக்குள்ள வச்சா அவ வெளியதான்டா பாப்பா. நீ நின்ன எடத்துல வைடா அச்ச! உன்னச் சுத்தி அவளச் சுத்து!”

அச்சை மாற்றிப் போட்டோம்

அதே கோடு. புள்ளிக்கோட்டை மட்டும் அவள் முகத்துக்கு முன்னால் நகர்த்தினோம். இப்போது பித்தளை இருக்கப்போவது அவள் முகத்துக்கும் அச்சுக்கும் நடுவில். அவள் இருக்கப்போவது பித்தளைக்கு வெளியே, வெறும் காற்றில்.

மறுபடியும் வில்லை வில்லையாக அளந்தேன். எல்லாம் தலைகீழ். முன்பு புடைத்திருந்த மூக்கு இப்போது இடுப்பாக ஒடுங்கியது. மோவாய்க்குக் கீழே கழுத்து பின்வாங்க வாங்கப் பித்தளை விரிந்து பீடம் ஆயிற்று. நெற்றிக்கு மேலே விரிந்து கிண்ணம் ஆயிற்று. யாரும் திட்டம் போடாமலே ஒரு மெழுகுவர்த்தித் தண்டு வந்து நின்றது. உருளை ராடின் கன அளவிலிருந்து இதைக் கழித்தேன். மீதி வந்ததுதான் அவள்.

மூக்கு நுனி அச்சுக்கு எவ்வளவு கிட்டே வரலாம் என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம்.

“இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டுங்க்கா.”

“ஒடஞ்சிடும்டா. விரல் கனமாவது இருக்கணும்.”

“சுண்டு விரல் போதுமே.”

சுண்டு விரல் கனத்துக்குச் சம்மதித்தேன். கடையும்போது அந்த இடத்தில் மிஷின் வீறிட்டது. மெலிந்த இடத்தில் உளி அதிர்ந்தால் அப்படிச் சத்தம் வரும், எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பித்தளை உடையவில்லை.

மிஷின் தட்டில் விழுந்த பித்தளைத் துருவலை வழக்கம்போல் டிரம்மில் கொட்டப் போன பையனைச் சூசை தடுத்தான். ஒரு பிஸ்கட் டின்னில் துடைத்து வழித்துச் சேர்த்தான். பழைய தூணைத் தன் துண்டில் சுற்றி அவனே பழம்பித்தளையோடு சேர்த்தான். அன்றைக்கு அவன் நாஷ்டா சாப்பிட்டதாகச் செல்லம்மா வந்து சொன்னாள். எனக்கு அது பெரிய செய்தியாக இருந்தது.

கல்லறையில்

திருநாளன்று மழை விட்டிருந்தது. சுண்ணாம்பு அடித்த கல்லறைகளில் செவந்திப் பூவும் ஊதுபத்தியுமாக ஒரே கூட்டம். சாமியார் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விட்டார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்த நேரம்.

சூசை டின்னில் இருந்த துருவலை மண்ணைக் கிளறிப் புதைத்தான். கல்லறையின் தலைமாட்டில் தண்டை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினான். மண்டி போட்டுத் தன் மூக்கைப் பித்தளையின் ஒடுங்கின இடத்துக்குக் கொண்டுபோனான். நான் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் நின்றேன்.

“லூர்து, இன்னும் கோவமா?” என்று கேட்டான்.

அவன் அசையாமல் என்னைக் கூப்பிட்டான். “யக்கா, எனக்கு ஒண்ணும் தெரியலியே. பாக்கறாளா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் இடப்பக்கம் ஒரு லூர்து, வலப்பக்கம் ஒரு லூர்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவனைப் பார்க்கிற லூர்து பித்தளைக்கு அந்தப் பக்கம், அவன் கண்ணுக்கு மறைவில். பக்கத்தில் நிற்கிற இன்னொருத்தரால்தான் அவளைப் பார்க்க முடியும். இத்தனை கணக்குப் போட்ட நான் இதை யோசிக்கவே இல்லை.

பார்த்தேன். இந்தப் பக்கம் சூசையின் முகம். நடுவில் பித்தளை. அந்தப் பக்கம் காற்றில் அவள் நெற்றி, தூக்கின மூக்கு. பக்கத்துக் கல்லறை ஊதுபத்திப் புகை அந்த வழியாக வந்து, அவள் முகம் இருக்கிற இடத்தில் ஏறாமல், ஓரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

“பாக்கறாடா. உன்னத்தான் பாக்கறா” என்றேன்.

“இன்னா பண்றா?”

போட்டோவில் அவள் வாய் மூடித்தான் இருந்தது. உதட்டை இரண்டு முறை அளந்தவள் நான், அதில் இடைவெளியே கிடையாது. இப்போது மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் ஒரு இருட்டு இருந்தது. அது விரிந்தது, சேர்ந்தது, மறுபடி விரிந்தது. மெழுகுவர்த்தி ஆடாமல் நேராக எரிந்துகொண்டிருந்தது.

ஒரு அடி கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“பேசறாடா, சூசை.”

அவன் மூக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காதைக் கொண்டுபோய் வைத்தான்.